பேஸ் கிட்டாரில் ஸ்கேல்: எந்த வழியில் தொடங்குவது?

பாளையங்கோட்டைப் பக்கம் பேஸ் கிட்டாரை ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்தவர்களைவிட அதில் வந்து மாட்டிக்கொண்டவர்களே அதிகம். சபையின் வாலிபர் குழுவில் ஏற்கெனவே மூன்று பேர் கிட்டாரோடு நிற்பார்கள். அடுத்து வருகிறவனிடம், "நான்கு தந்திதானே, நீ பேஸ் வாசி" என்று ஒப்படைத்துவிடுவார்கள். கொடை விழாக்களுக்குப் போகும் மெல்லிசைக் குழுக்களில் கதை வேறு. அதுவரை கீபோர்டுக்காரரே இடக்கையால் பேஸையும் ஒப்பேற்றிக்கொண்டிருப்பார். யாராவது ஒரு பழைய பேஸ் கிட்டாரை விலைக்குக் கொடுத்ததும் அதை வாசிக்க ஆள் தேடுவார்கள். எந்த வாசல் வழியாக வந்தாலும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, ஸ்கேலை எப்படிப் பழகுவது?"

ஸ்கேல் என்றால் ச முதல் மேல் ச வரை சுரங்கள் ஏறி இறங்கும் வரிசை. யூடியூபைத் திறந்தால் இதற்கு நூறு பதில் கிடைக்கும். ஒருவர் நான்கு விரலையும் விரித்து வை என்பார். இன்னொருவர் அப்படி வைத்தால் கை கெட்டுவிடும் என்பார். ஒருவர் பன்னிரண்டு சுருதியிலும் எல்லா ஸ்கேலையும் முதலில் மனப்பாடம் செய் என்பார். அடுத்தவர் ஸ்கேலே வேண்டாம், கார்டைப் படி என்பார். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் கைக்கும் தாங்கள் வாசிக்கும் பாட்டுக்கும் ஏற்றதைச் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் வாசிக்கப்போவது ஞாயிறு ஆராதனையிலும் சபை கூடி உண்ணும் அசனப் பண்டிகையிலும் கொடைக் கச்சேரியிலும். அந்தப் பாட்டுகளை மனத்தில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ்தான் இன்று நாம் கையில் எடுக்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு மூல அச்சு. பிரிட்ஜுக்கும் நட்டுக்கும் இடையே தந்தியின் நீளம் 34 அங்குலம். தந்திகள் தடித்ததிலிருந்து மெல்லியதுவரை இ, ஏ, டி, ஜி. தடித்த தந்தியை ச என்று வைத்துக்கொண்டால் அடுத்த தந்தி சுத்த மத்தியமம். எந்த இரண்டு பக்கத்துத் தந்திகளை எடுத்தாலும் இதே உறவுதான். சாதாரண கிட்டாரில் ஓரிடத்தில் இந்தக் கணக்கு உடைந்துவிடும், பேஸில் உடைவதே இல்லை. அதனால் ஓரிடத்தில் பழகிய விரல் வடிவம் கழுத்தின் எந்த இடத்துக்கும் அப்படியே பொருந்தும். பேஸின் பெரிய வசதி இது. விரலுக்கு வடிவம் தெரிந்துவிட்டால் போதும், வாசிக்கும் சுரம் எது என்று தெரியாமலேயே வருஷக்கணக்கில் ஓட்டலாம் என்பதும் இதே வசதியால் வருவதுதான்.

வழிகளில் விரலைப் பற்றியவை இரண்டு, சுரத்தைப் பற்றியவை மூன்று. விரலிலிருந்து தொடங்குகிறேன்.

பையன்கள் பெரும்பாலும் தாமாகவே பிடித்துக்கொள்வது நான்கு விரல் பெட்டி. கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளான ஃப்ரெட்டுகளில், ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று நான்கு ஃப்ரெட்டுகளை நான்கு விரலும் பங்குபோட்டுக்கொள்ளும். ஜி மேஜரை எடுத்துக்கொள்வோம். இ தந்தியின் 3-ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், 5-இல் சுண்டுவிரல். ஏ தந்தியில் 2, 3, 5. டி தந்தியில் 2, 4, 5. ச ரி, க ம ப, த நி ச என்று மூன்று தந்திகளில் எட்டுச் சுரமும் முடிந்துவிடும். கை நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால் அதே வடிவம் ஏ மேஜர். ஒரே நாளில் ஸ்கேல் வந்துவிட்டதாகத் தோன்றும். முதல் வாரத்தில் பையனின் முகத்தில் சிரிப்பு வரவேண்டுமானால் இதைவிட நல்ல வழி இல்லை.

கணக்கு இடிப்பது கையின் அளவில்தான். 34 அங்குல பேஸில் 1-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 4-ஆம் ஃப்ரெட் வரை ஏறத்தாழ 13 சென்டிமீட்டர். மேலே சொன்ன ஜி மேஜர் பெட்டி, 2 முதல் 5 வரை, 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதே வடிவத்தை 12-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 15 வரை வைத்தால் 7 சென்டிமீட்டர் கூட இல்லை. பெட்டி எல்லா இடத்திலும் ஒரே பெட்டி என்பது கண்ணுக்குத்தான், கைக்கு அல்ல. ஆனால் பேஸின் பெரும்பகுதி வேலை நடப்பதோ முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில், விரிப்பு மிகப் பெரிதாக இருக்கும் இடத்தில். பதின்மூன்று வயதுப் பிள்ளை அங்கே நான்கு விரலையும் விரித்து வைத்தால் மணிக்கட்டு வளையும், கட்டைவிரல் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும், சுண்டுவிரல் ஃப்ரெட்டுக்கு எட்டாமல் நடுவில் அழுத்தித் தந்தி கரகரக்கும். பாட்டு முடிவதற்குள் கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது சோம்பேறித்தனம் அல்ல.

மற்றது, நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸை வாசிப்பவர்களின் விரல்முறை. ஃபிரான்ஸ் சிமாண்டல் (1840–1912) என்ற டபுள் பேஸ் கலைஞர் வகுத்துப் பரப்பியது. இன்றும் 1-2-4 என்றே அதைச் சொல்கிறார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றும் மூன்று ஃப்ரெட்டுகளைப் பார்த்துக்கொள்ளும். மோதிர விரல் தனியாக வேலை செய்யாது. சுண்டுவிரலுக்குத் துணையாக அதோடு சேர்ந்து அழுத்தும். 2 முதல் 4-ஆம் ஃப்ரெட் வரையான விரிப்பு இப்போது எட்டரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. மூன்று ஃப்ரெட்டுகளுக்கு வெளியே உள்ள சுரத்துக்கு விரலை இழுக்கக் கூடாது, கையையே நகர்த்த வேண்டும்.

நகர்த்திக்கொண்டே இருந்தால் வேகம் போய்விடாதா என்று கேட்பார்கள். இங்கே வெறும் தந்திகள் கைகொடுக்கும். அதே ஜி மேஜரை இப்படி வாசித்துப் பாருங்கள். இ தந்தியில் 3, நடுவிரல். ஏ தந்தியை அழுத்தாமல் வெறுமனே மீட்டுங்கள், அது ரி. ஏ தந்தியில் 2, ஆள்காட்டி விரல், 3, நடுவிரல். வெறும் டி தந்தி, அது ப. டி தந்தியில் 2, ஆள்காட்டி விரல்; 4, சுண்டுவிரல். வெறும் ஜி தந்தி, மேல் ச. எட்டுச் சுரமும் வந்துவிட்டன. கை 2-க்கும் 4-க்கும் இடையே நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, ஒரு விரலும் அளவுக்கு மீறி விரியவில்லை. சிறிய கை உள்ள பிள்ளையிடம் இந்த இரண்டு ஜி மேஜரையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னால் எது தனக்கு என்பதைக் கையே சொல்லிவிடும்.

இதன் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பாட்டின் சுருதியைத் தீர்மானிப்பது பாடுகிறவரின் தொண்டை. ஒத்திகையில் ஒரு கட்டையில் பாடிய பாட்டை, அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்று அரைக்கட்டை ஏற்றவோ இறக்கவோ சொல்வார்கள். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாசித்த விரலிலேயே வாசிப்பார். கிட்டார்க்காரர் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொள்வார். பேஸ்காரனுக்கு அந்தப் பொத்தானும் இல்லை, கேப்போவும் இல்லை. ஒன்றரைக் கட்டை என்றால் சி ஷார்ப். நாலரைக் கட்டை என்றால் எஃப் ஷார்ப். இந்த இரண்டு மேஜர் ஸ்கேல்களிலும் இ, ஏ, டி, ஜி என்ற நான்கு சுரங்களில் ஒன்றுகூடக் கிடையாது. அதாவது ஒரு வெறும் தந்தியையும் தொட முடியாது. வெறும் தந்திகளை நம்பியே பழகியவன் அங்கே தவித்துப்போவான். பெட்டி தெரிந்தவன் கையைத் தள்ளி வைத்துவிட்டு நிம்மதியாக வாசிப்பான். எஃப் ஷார்ப்பை இ தந்தியின் 2-ஆம் ஃப்ரெட்டில் தொடங்கினால் அந்த 13 சென்டிமீட்டர் விரிப்பு வந்து நிற்கும். ஏ தந்தியின் 9-ஆம் ஃப்ரெட்டில் தொடங்கினால் பெட்டி முழுவதும் ஒன்பது சென்டிமீட்டருக்குள். கச்சேரிக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி இது. சத்தம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும், ஆனால் கை பிழைக்கும்.

ஆக, விரல் விஷயத்தில் என் தீர்ப்பு: ஐந்தாம் ஃப்ரெட்டுக்குக் கீழே 1-2-4, அதற்கு மேலே பெட்டி. எதைக் கற்பது என்பதல்ல, எதை முதலில் கற்பது என்பதே கேள்வி. சபையில் வாசிக்கப்போகிற சிறு பிள்ளைக்கு 1-2-4 முதலில். கச்சேரிக் குழுவில் சேரப்போகிற இருபது வயது இளைஞனுக்குப் பெட்டி முதலில் வந்தாலும் தவறில்லை. அவன் கை அதற்கு வளர்ந்துவிட்டது, அவனுக்குச் சுருதி மாற்றமும் அடிக்கடி வரும். தந்தியின் நீளம் 30 அங்குலமே உள்ள ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிடைத்தால் 1 முதல் 4 வரையான விரிப்பு பதினொன்றரை சென்டிமீட்டருக்கு இறங்கும். சின்னக் கைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் அதை வாங்கித்தான் பழக வேண்டும் என்று அப்பாவிடம் அடம்பிடிக்க வேண்டியதில்லை.

சுரத்தைப் பற்றிய சண்டைதான் எனக்கு முக்கியம். ஏழு சுரத்தையும் வரிசையாக ஏற்றி இறக்கிப் பழகுவதா, கார்டின் சுரங்களை முதலில் பழகுவதா?

வரிசையாகப் பழகியவனை அடையாளம் காண்பது எளிது. பாட்டில் சி கார்டு வந்ததும் அவன் விரல் சி-யில் தொடங்கி மேலே ஏறத் தொடங்கும். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அடுத்த கார்டு விழும் தாளத்தில் அவன் ஏதோ ஒரு நடுச்சுரத்தில் நின்றுகொண்டிருப்பான். மேலே பாடுகிறவர்களுக்குக் கால் தரையில் படாத உணர்ச்சி. வில்லுப்பாட்டில் குடம் செய்யும் வேலையை மேடையில் செய்ய வேண்டியது பேஸ்: அடி எங்கே விழுகிறது, பாட்டு எந்த இடத்தில் ஊன்றி நிற்கிறது என்பதைக் கேட்கிறவர் யோசிக்காமலே உணர வேண்டும். ஸ்கேலை வரிசையாக ஓட்டுவதால் அந்த வேலை நடக்காது. 1960-களின் அமெரிக்க ஸ்டூடியோக்களில் ஏராளமான பதிவுகளுக்கு வாசித்த கரோல் கே, பேஸ் பழகுகிறவர்கள் ஸ்கேலை அல்ல, கார்டின் சுரங்களையே பயிற்சி செய்ய வேண்டும் என்று விடாமல் சொல்லி வந்தவர். அவர் சொல்வதன் கடுமையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் தொடக்கநிலைக்கு அவர் பக்கம்தான் நியாயம்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஜி மேஜர் பாட்டில் அடிக்கடி வருகிற கார்டுகள் ஜி, சி, டி. ஜி கார்டின் சுரங்கள் ச க ப. சி கார்டு ம த ச. டி கார்டு ப நி ரி. மூன்று கார்டையும் பிரித்து வாசித்து முடித்தால் ஏழு சுரமும் கைக்கு வந்துவிடுகின்றன. ஸ்கேலைத் தனியாகப் படிக்கவே இல்லை, ஆனால் படித்தாகிவிட்டது. அதுவும் எந்தச் சுரம் எந்தக் கார்டுக்குச் சொந்தம் என்ற முகவரியோடு. இந்தச் சுரங்கள் எல்லாம் மேலே சொன்ன 2 முதல் 4-ஆம் ஃப்ரெட் வரையான இடத்திலும் வெறும் தந்திகளிலுமே கிடைக்கின்றன என்பது கூடுதல் லாபம்.

இப்போது ஜி, இ மைனர், சி, டி என்று கார்டுக்கு நான்கு தட்டாகப் போகும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். சபைப் பாடல்களில் இந்த வரிசை தண்ணீர்பட்ட பாடு. ஒவ்வொரு கார்டின் முதல் தட்டிலும் அந்தக் கார்டின் வேர்ச்சுரம், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் சுரம். அதில் சமரசம் கிடையாது. மிச்சம் மூன்று தட்டில் கடைசித் தட்டு அடுத்த கார்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஜி-யில் மூன்று தட்டு நின்றுவிட்டு நான்காம் தட்டில் இ தந்தியின் 2-ஆம் ஃப்ரெட், எஃப் ஷார்ப். அடுத்த தட்டில் வெறும் இ தந்தி. அங்கே இரண்டு தட்டு. மூன்றாம் தட்டில் டி தந்தியின் 2, அதே இ-யின் மேல் ஸ்தாயி. நான்காம் தட்டில் வெறும் டி. அடுத்த தட்டில் ஏ தந்தியின் 3, சி. சி-யில் மூன்று தட்டு. நான்காவதில் ஏ தந்தியின் 4, சி ஷார்ப். அடுத்து வெறும் டி. கடைசிக் கார்டில் வெறும் டி, ஏ தந்தியின் 3, ஏ தந்தியின் 2, வெறும் ஏ என்று ப ம க ரி இறங்கினால் அடுத்த தட்டில் ச வந்து விழும். பாட்டு தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

அந்த சி ஷார்ப்பைக் கவனியுங்கள். அது ஜி மேஜர் ஸ்கேலில் இல்லாத சுரம். ஸ்கேலை மட்டும் மனப்பாடம் செய்தவனின் கை அங்கே போகவே போகாது. கார்டிலிருந்து கார்டுக்குப் போவதே வேலை என்று பழகியவனுக்கு அது தானாகத் தோன்றும். அதே சமயம் கடைசியில் இறங்கிய ப ம க ரி, கார்டுச் சுரங்களை மட்டும் பழகியவனுக்கு வராது. அங்கே ஸ்கேல் வேண்டும். கரோல் கே-யோடு நான் வேறுபடும் இடம் இதுதான். கார்டின் சுரங்கள் முதலில், ஆனால் சில வாரங்களிலேயே அவற்றுக்கு இடையே உள்ள சுரங்களும் வந்து சேர்ந்துவிட வேண்டும். வருஷக்கணக்கில் ஒத்திப்போடுவதற்கு அல்ல.

சபையில் இருக்கிறவர்களுக்கு இதற்கு ஒரு புதையலே இருக்கிறது, பலர் தொடுவதில்லை. பாமாலைகளுக்கு நான்கு குரல் நொட்டேஷன் உள்ள புத்தகம் ஆர்கன் வாசிப்பவரிடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். அடியில் இருக்கும் பேஸ் குரலின் வரி, வேர்ச்சுரத்திலிருந்து வேர்ச்சுரத்துக்கு எப்படி நடப்பது என்பதற்கான பாடம். பேஸ் கிட்டாரில் அதே வரியைப் பார்த்து வாசித்தால் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும்; அது வாத்தியத்தின் வழக்கம், பிழை அல்ல. நொட்டேஷன் படிக்கத் தெரியாவிட்டால் குழுவில் பேஸ் குரல் பாடும் பெரியவரின் பக்கத்தில் நின்று கேளுங்கள். அவர் பாடுவதை அப்படியே தந்தியில் தேடி எடுங்கள்.

இனி நம் மண்ணுக்கு நெருக்கமான வழி: சரளி வரிசை. வீட்டில் அக்காவோ தங்கையோ பாட்டு வகுப்புக்குப் போகிறவர்களாக இருந்தால் ச ரி க ம ஏற்கெனவே காதில் இருக்கும். அதை பேஸில் இறக்குவதில் பெரிய நன்மை என்னவென்றால், ச எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது இந்த முறையின் அடிப்படை. ஒரு கட்டைக்கு ஏ தந்தியின் 3-ஆம் ஃப்ரெட் ச. ஐந்து கட்டைக்கு இ தந்தியின் 3. இரண்டு கட்டைக்கு வெறும் டி, அல்லது ஏ தந்தியின் 5. பாடகர் கட்டையைச் சொன்னதும் ச-வைத் தேடிக் கையை வைத்துவிட்டால் போதும். எழுத்துப் பெயர்களில் பழகியவன் மேடையில் ஷார்ப், ஃப்ளாட் என்று கணக்குப்போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் சுரத்தில் பழகியவன் வாசிக்கத் தொடங்கியிருப்பான். வாயால் பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பாடாமல் வாசித்தால் சரளியும் இன்னொரு பெட்டிதான்.

ராகப் பெயர் தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. மேஜர் ஸ்கேல், சங்கராபரணத்தின் சுரங்கள். இயல்பான மைனர், நடபைரவி. ஹார்மோனிக் மைனர் என்று மேல்நாட்டார் சொல்வது கீரவாணி. டோரியன் என்பது கரகரப்பிரியா, மிக்ஸோலிடியன் என்பது அரிகாம்போதி. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டே எந்த ஸ்கேல் என்று முடிவுக்கு வரலாம். பயிற்சி வரிசைகளும் பேஸுக்காகவே செய்தவை போல இருக்கின்றன. ஜண்டை வரிசையில் ஒவ்வொரு சுரமும் இரட்டிப்பதால் வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டப் பழகும். தாட்டு வரிசை சுரங்களைத் தாண்டித் தாண்டிப் போவதால் தந்தி விட்டுத் தந்தி தாவும் பழக்கம் வரும். அலங்காரங்கள் தாளத்துக்கு.

சரளியை வழக்கப்படி மாயாமாளவகௌளையில் தொடங்குவதா, சங்கராபரணத்தில் தொடங்குவதா என்று கேட்டால், பேஸுக்குச் சங்கராபரணம் என்பேன். மாயாமாளவகௌளையிலும் ஒரு அழகு உண்டு: ச ரி க ம என்று நான்கு சுரத்துக்கு விரல் போட்ட வடிவம் ஒரு தந்தி தள்ளி, இரண்டு ஃப்ரெட் மேலே, ப த நி ச-வுக்கு அப்படியே பொருந்தும். சங்கராபரணத்திலும் அதே பொருத்தம் இருக்கிறது. வாசிக்கப்போகும் பாட்டுகளில் பெரும்பாலானவை அதிலோ அதை ஒட்டியோ இருப்பதால் நேரே அங்கே போய்விடலாம்.

இந்த வழியின் எல்லையும் தெளிவானது. தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், ஒரு ஸ்தாயிக்குள் 24 சுருதிகள் என்று கணக்குக் காட்டி வாதாடியவர். நம் பேஸில் ஒரு ஸ்தாயிக்கு இருப்பதோ 12 ஃப்ரெட். சுரத்தை அசைத்து இசைக்கும் கமகம் வாழ்வது அந்த ஃப்ரெட்டுகளுக்கு இடையில். தோடியின் சுரங்களை ஃப்ரெட் ஃப்ரெட்டாகத் தட்டினால் தோடி வராது. ஃப்ரிஜியன் ஸ்கேல்தான் வரும். பேஸ்காரனுக்கு அது பெரிய நஷ்டம் அல்ல, ராகத்தைப் பாடுகிறவர் பார்த்துக்கொள்வார். பெரிய குறை வேறு: கர்நாடகப் பயிற்சியில் கார்டு என்ற எண்ணமே கிடையாது. சரளி மட்டும் பழகியவன் ஏற்ற இறக்கத்தில் மன்னனாக இருப்பான்; இ மைனருக்கு என்ன வாசிப்பது என்று கேட்டால் விழிப்பான்.

இரண்டையும் ஒட்டவைக்க அருமையான சரக்கு ஒன்று உண்டு. எட்டயபுரத்தில் 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது ஆங்கிலேயரின் பாண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். நொட்டுஸ்வரம் என்று இவற்றைச் சொல்வார்கள். சங்கராபரணத்தின் சுரங்கள், கமகம் இல்லை, சின்னச் சின்ன மெட்டுகள். மேல்நாட்டு மெட்டுகள் ஆதலால் பல இடங்களில் கார்டின் சுரங்களையே தொட்டுத் தொட்டுத் தாவும். சுரம் சொல்லிப் பாடலாம், கார்டாகவும் பிரித்துப் பார்க்கலாம். பாட்டு வகுப்புகளில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற உருப்படிகள்தான் என்பதால் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் கிடைப்பதும் எளிது. பேஸில் ஸ்கேல் பழகுகிறவருக்கு, வெறும் ஏற்ற இறக்கத்தைவிட இதைத்தான் முதலில் கொடுப்பேன்.

ஐந்து சுரப் பெட்டியை, அதாவது மேஜருக்கு மோகனம், மைனருக்குச் சுத்த தன்யாசி என்ற பென்டடானிக்கை, முதலில் பழகு என்று சொல்கிறவர்கள் உண்டு. தவறான சுரம் விழாது என்பது அதன் கவர்ச்சி. சொந்தமாக வாசித்து மகிழ நல்லது. மோகனத்தில் ம-வும் நி-யும், சுத்த தன்யாசியில் ரி-யும் த-வும் இல்லாததால் மேலே சொன்ன மாதிரி கார்டுக்குக் கார்டு கொண்டுபோய்ச் சேர்க்க உதவாது. இரண்டாவது வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஒரே தந்தியில் கீழிருந்து மேல்வரை ஸ்கேல் வாசிப்பது ஃப்ரெட்டுகளின் பெயர் மனத்தில் பதிய நல்ல பயிற்சி. வாரத்தில் ஒரு நாள் போதும்.

செயலியா ஆசிரியரா என்ற கேள்விக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். விரலை எங்கே வைப்பது என்பதைச் செயலி காட்டும். மணிக்கட்டு வளைகிறது என்பதை அது பார்க்காது. முதல் இரண்டு மாதம் யாராவது ஒருவர் நேரில் பார்க்கட்டும், கிட்டார் ஆசிரியராக இருந்தாலும் பரவாயில்லை. செயலியோடு பழகுகிறவர்கள் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் இ தந்தியின் அதிர்வு விநாடிக்கு 41 தான். போனின் சின்ன ஸ்பீக்கர் அந்த ஆழத்தை ஒலிக்காது, மேல் அதிர்வுகளை மட்டும் கேட்டுக்கொண்டு சரியாக வாசிப்பதாக நினைத்துக்கொள்வீர்கள்.

எனவே, ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சபைக் குழுவுக்கு வரும் பள்ளிப் பிள்ளை என்றால்: 1-2-4, வெறும் தந்திகள், ஜி, சி, டி கார்டுகளின் சுரங்கள், பிறகு அவற்றை இணைக்கும் சங்கராபரணம், வாயால் சுரம் சொல்லிக்கொண்டே. பெட்டி ஆறு மாதம் கழித்து. கச்சேரிக் குழுவுக்குப் போகிற இளைஞன் என்றால்: மேஜருக்கு ஒன்று, மைனருக்கு ஒன்று என இரண்டு பெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் ச க ப எங்கே இருக்கிறது என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரிய வேண்டும், பன்னிரண்டு கட்டையிலும் ச-வைக் கண்ணை மூடிக்கொண்டு தொட வேண்டும். பாட்டுப் பயிற்சி உள்ளவர் என்றால்: நொட்டுஸ்வரத்தில் தொடங்கி, அதே மெட்டுக்குக் கீழே கார்டின் வேர்ச்சுரங்களை மட்டும் வாசித்துப் பழகட்டும். மெட்டு வாசிக்கும் ஆசையை அவர் கொஞ்சம் அடக்கத்தான் வேண்டும்.

தேர்வு எழுதுகிறவர்கள் கதை வேறு. ராக்ஸ்கூல் பேஸ் கிரேடுகளில் ஸ்கேல் வாசித்துக் காட்டுவதும் தேர்வின் ஒரு பகுதி. எந்தக் கிரேடுக்கு எவை என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் தேர்வில் பாட்டுகளுக்குத்தான் கனம் அதிகம். எந்தத் தேர்வு என்பதை முடிவு செய்துவிட்டுப் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் கிரேடுக்கு என்ன ஸ்கேல், எத்தனை ஸ்தாயி, என்ன வேகம் என்று பார்த்து அங்கிருந்தே தொடங்குங்கள். ஒப்பீட்டுக்கு அங்கே இடமில்லை; கேட்டதை வாசித்தால்தான் மதிப்பெண்.